இல்லே என்று ஒரு வருகைப் பதிவு

எட்டாம் வகுப்போடு ஊரை விட்டவன் நான். காவேரிப்பட்டினத்தில் மாங்கூழ் ஆலை, பெங்களூரில் ஓட்டல், பிறகு கல் குவாரி என்று சுற்றிவிட்டு ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்தேன். பத்தாவது முடிக்காதவனை அங்கே நிரந்தரம் ஆக்க மாட்டார்கள். அதனால் தனித்தேர்வு எழுத ஒரு டீச்சரிடம் போனேன்.

டீச்சர் திருநெல்வேலிக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டரிக் கடை மாடியில் வகுப்பு. எங்களுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் மற்ற நாட்களில் வாட்ஸ்அப் குழுதான் பள்ளிக்கூடம். டீச்சர் பாடத்தைப் பேசி அனுப்புவார். கேட்டவர்கள் 'உள்ளேன்' என்று எழுத வேண்டும். வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்துப் போட்டால் அதன் மேலேயே விரலால் சிவப்புக் கோடு இழுத்துத் திருப்பி அனுப்புவார். மனப்பாடச் செய்யுளை நாங்கள் சொல்லிப் பதிவு செய்து போட வேண்டும்.

என் பக்கத்து மெஷினில் நின்ற நாகரசம்பட்டிக்காரனும் அந்தக் குழுவில் இருந்தான். ஷிப்ட் முடிந்து பைக்கில் போனவன் மேம்பாலத்துக்குக் கீழே லாரியில் அடிபட்டு இறந்தான். எல்லோரும் அடக்கத்துக்குப் போய்வந்தோம். அவன் எண்ணைக் குழுவிலிருந்து நீக்க டீச்சருக்கு மனம் வரவில்லை.

கருமாதி முடிந்து கொஞ்ச நாள் இருக்கும். ஒரு ஞாயிறு வகுப்பில் எல்லோருடைய போனும் ஒன்றாகச் சிணுங்கியது. குழுவில் செத்தவனின் எண். கல்யாணச் சட்டையில் சிரிக்கும் அவன் படம். பக்கத்தில் ஒரே சொல்: இல்லே.

கீழே கடையில் ஸ்குரூ கழற்றும் சத்தம் மட்டும் கேட்டது. பெயின்ட் பிரிவில் வேலை செய்த ஒருவன்தான் வாயைத் திறந்தான்.

"இருந்தப்ப ஒரு நாளும் லீவு சொல்லாதவன், செத்தப்புறம் இல்லேன்னு சொல்றாம் பாரு."

"சும்மா இருங்க தம்பி," என்றார் டீச்சர்.

அதன் பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் அது வந்தது. உள்ளேன், உள்ளேன், உள்ளேன் என்று வரிசையாகப் போகும். கடைசியில் 'இல்லே'. ஒரு நாள் வீட்டுப்பாடமும் வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ழகரத்தின் வாலை மேலே தூக்கி வளைப்பது அவன் பழக்கம். அதே வால். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெஷினுக்குப் போனேன். அன்று முழுக்கப் பக்கத்து மெஷினைப் பார்க்கவே இல்லை.

டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "யாரோ போனை வச்சு விளையாடுதாங்க. ஞாயித்துக்கிழமை நம்பரை எடுத்துருதேன். அவங்க வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் சாலையில், வரிசை வீடுகளில் ஒன்று. பகல் வெயில். அவன் மனைவி கதவைத் திறந்தாள். அத்திப்பள்ளிக்கு அப்பால் உள்ள கன்னட ஊர்க்காரி. வந்த விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது.

"எடுத்துட்டா பாடம் எங்கண்ணா வரும்? இப்ப புது ஆளுக்கு டென்த் வேணுமாம், பாஸ் பண்ணா அவர் வேலைய எனக்குத் தர்றேன்னு கம்பெனில சொல்லியிருக்காங்க. நான் கன்னடத்துல ஒன்பதாவது வரைக்கும் படிச்சவ. தமிழு இந்தப் போன்லதான் கத்துக்கறேன்."

"அப்பறம் ஏம்மா தினமும் இல்லேன்னு போடற?"

அவளுக்குப் புரியவில்லை. "நானு இல்லே இத்தீனல்லா அண்ணா," என்றாள். நான் இங்கேயேதானே இருக்கிறேன்.

பெங்களூர் ஓட்டலில் மேசை துடைத்த காலத்தில் நானே எத்தனை முறை அந்தச் சொல்லைக் கேட்டிருப்பேன். கன்னடத்தில் இல்லே என்றால் இங்கேயே. ஆனால் செத்தவன் முகத்துக்குப் பக்கத்தில் பார்த்தபோது அது தமிழாக மட்டும்தான் தெரிந்தது.

எழுத்தும் அந்தப் போனிலிருந்து வந்ததுதான். குழுவில் அவன் போட்ட வீட்டுப்பாடப் படங்களைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகியிருந்தாள். டீச்சரின் சிவப்புக் கோடு விழுந்த இடங்களை மட்டும் திருத்திக்கொண்டாள். ழகரத்தின் மேல் சிவப்பு விழுந்ததே இல்லை.

நான் திரும்பி வந்து சொன்னதை டீச்சர் முழுதாக நம்பவில்லை. "ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு வரச் சொல்லுங்க. தமிழ்ல ஒரு செய்யுள் சொல்லட்டும். அப்பறம் பாக்கலாம்."

வந்தாள். யாரும் சொல்லாமலே ஜன்னலோரம் அவன் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். டீச்சர் தலையாட்டியதும் எழுந்து ஆரம்பித்தாள். கன்னட வாடையே இல்லை. அவனுடைய நாகரசம்பட்டி இழுப்பு அப்படியே ஒரு பெண் குரலில் வந்தது. இரண்டாவது அடி முடிந்ததும் நிறுத்தினாள். வறட்டு இருமலாக இரண்டு முறை இருமினாள். பிறகு மூன்றாவது அடியை எடுத்தாள்.

இந்தச் செய்யுளை அவன் குழுவுக்காகப் பதிவு செய்த அன்று அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதே இடத்தில் அதே இருமல். அதுவும் செய்யுளைச் சேர்ந்தது என்று நினைத்து மனப்பாடம் செய்திருந்தாள்.

பெயின்ட்காரன் தலையைக் குனிந்துகொண்டான். திருத்துவதற்காக டீச்சர் வாயெடுத்தார். எடுத்தவர் அவன் உட்காரும் ஜன்னலோரத்தைப் பார்த்தார்.

"நம்பர் இருக்கட்டும்மா," என்றார். "உக்காரு."

அந்த இருமலைப் பற்றி இன்றுவரை யாரும் அவளிடம் சொல்லவில்லை. இப்போது அந்தச் செய்யுளை நான் சொல்லிப் பார்த்தாலும், இரண்டாவது அடி முடிந்ததும் இரண்டு முறை இருமிவிட்டுத்தான் மூன்றாவது அடியை எடுக்கிறேன்.