கோல் கீப்பருக்கு ரியூசன்

"வெள்ளி, மாலை 4.10: கோல் கீப்பர் புள்ளிவிபரவியலில் பெயில். மறுபரீட்சை திங்கள்." என் குறிப்பேட்டில் இப்படித்தான் இருக்கிறது. மகளின் பல்கலைக்கழகப் பெண்கள் லக்ரோஸ் குழுவுக்கு நானே மேலாளர், பொருளாளர், சாரதி. மின்னஞ்சலுக்குப் பதில் போட்ட ஒரே பெற்றோர் என்பதுதான் என் தகுதி. பெயிலானவர் விளையாடக் கூடாது என்றார் பயிற்சியாளர். அடுத்த சனி இறுதிப்போட்டி. வேறு கோல் கீப்பரும் இல்லை.

அந்த வெள்ளைக்காரப் பிள்ளையை, தமிழர் நிறைந்த வென்ட்வேர்த்வில்லில் ஒரு ரியூசன் ரீச்சரிடம் கொண்டுபோனேன்.

"என்ன விளையாட்டு தம்பி?"

"வலை கட்டின தடியால பந்து பிடிக்கிறது, ரீச்சர்."

"தடி என்னட்டையும் இருக்கு. முதல்ல போனை அரிசி வாளிக்குள்ள போடச் சொல்லுங்கோ."

இரண்டு நாளும் பழைய வினாத்தாள்கள்தான், இடையில் இடியப்பம். வியாழன் முடிவு வந்தது: ஐம்பத்தொன்று, பாஸ். சனிக்கிழமை அவள் கோலில் நின்றாள். ரீச்சரின் கட்டணத்தைக் குழுவின் கணக்கில் 'உபகரணப் பழுதுபார்ப்பு' என்று எழுதிவிட்டேன்.

பிறகு, பெயிலானவர் விளையாடக் கூடாது என்ற அந்த விதியை விளையாட்டுக் கழகத்தின் யாப்பு விதிகளில் இரண்டு தடவை தேடினேன், அகப்படவில்லை. பயிற்சியாளரைக் கேட்டால் சிரிக்கிறார். அப்படியொரு விதி உண்மையில் இருந்ததா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.