சிரிப்புப் படம் என்று நான் சொன்னது

போஸ்டரைப் பார்த்தே படம் என்ன வகை என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன். ஒரே ஒரு படத்தில்தான் தவறியிருக்கிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. சூளையிலிருந்து வரும் கோப்பையை விரலால் தட்டினால் போதும். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். படமும் அப்படித்தான். போஸ்டர் பார்க்காமல் போய் உட்கார்ந்தாலும், முதல் பத்து நிமிஷத்தில் அம்மா இருமினால் அழுகைப் படம். புது வீட்டுக்குக் குடிபோனால் பேய்ப் படம். ஹீரோ யார் வம்புக்கும் போகாமல் ஒதுங்கி வாழ்ந்தால் சண்டைப் படம், சந்தேகமே வேண்டாம். கூட வேலை செய்கிறவர்கள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போடுவார்கள்.

அந்தச் சமயம் என் தங்கைக்குப் பிறந்த குழந்தை மூன்றாம் நாளே போய்விட்டது. அம்மா வீட்டுக்கு வந்தவள் இரண்டு மாதமாக அழவும் இல்லை, பேசவும் இல்லை. சோறு போட்டால் தின்பாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

"எதுனா சிரிப்புப் படமா பாத்துக் கூட்டிட்டுப் போடி. நீதான் பெரிய இவளாச்சே," என்றாள் அம்மா.

ஒரு படத்தின் டிரெய்லரைப் போனில் நாலு தடவை பார்த்தேன். நாலு தடவையும் சிரித்தேன். "சுத்தமான சிரிப்புப் படம், நான் கேரண்டி," என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குத் தங்கையை இழுத்துக்கொண்டு போனேன்.

இடைவேளை வரை தியேட்டரே உருண்டு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு கதாநாயகி ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறாள். கட்டியிருந்த தொட்டிலைப் புருஷன் அவிழ்க்கிறான். அடப்பாவிகளா, டிரெய்லரில் இதில் ஒரு துண்டுகூட இல்லையே!

"எழுந்திரு, போயிடலாம்," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒக்காருக்கா. நான் பாக்கணும்."

இரண்டு மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு வாய்விட்டு அழுதாள். பின் சீட்டுக்காரர் "என்னாம்மா இது" என்று ஆரம்பித்தார். நான் திரும்பி முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள்: "பாப்பா என் விரல கெட்டியாப் புடிச்சிக்கிச்சுக்கா. அது எப்படி இருந்துச்சுன்னு யாருமே கேக்கல."

நானும்தான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. "சொல்லுடி, யாரு ஜாடை?" என்றேன். ஆட்டோ வீட்டுக்கு வந்து நிற்கிறவரை பேசிக்கொண்டே வந்தாள்.

அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "என்னாடி, சிரிச்சாளா?"

"பாப்பாவுக்கு என் மூக்காம், அம்மா," என்றேன்.