தலைவர் முகத்தின் மேல் ஒரு பூட்டு

“அந்த டையை ஹார்டனிங் அனுப்பிட்டீங்களாண்ணா?” என்று கேட்டுக்கொண்டேதான் யசோதா பட்டறைக்குள் ஓடி வந்தாள். இல்லை என்று தலையாட்டினேன். “அப்பாடா!” என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓசூரில் ஸ்கூல் மெடலுக்கும் கம்பெனி மெடலுக்கும் டை, அதாவது அச்சு, வெட்டியே காலம் தள்ளியவன் நான். வெட்டிய டையை உலையில் வைத்து இறுக்குவதுதான் ஹார்டனிங்; அப்புறம் உளி ஏறாது. அரசியல் மெடல் அடித்தது அந்த ஒரு தடவைதான். யசோதா வேலை பார்த்த கம்பெனி, கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. இனிப் போராட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். போடாதவர்கள் எதிரே ஷாமியானாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரு மெடல் குத்துவது சங்கச் செயலாளர் முனிரத்தினத்தின் யோசனை. நல்ல யோசனைதான். மெடலைக் குத்திக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட யாருக்கு மனசு வரும்?

ஆனால் ஆர்டர் கொடுக்க வந்த மனுஷன் பையிலிருந்து எடுத்தது தன்னுடைய போட்டோவை!

“மூஞ்சி நல்லா எடுப்பா வரணும்ண்ணே. சுத்தி ‘போராட்ட நாயகன்’னு எழுத்து.”

“அங்க உக்காந்திருக்கறவங்க இதைக் கேட்டாங்களா?”

“தலைவர் படம் இல்லாத மெடல் ஏதுண்ணே?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. தொழிலாச்சே, வெட்டினேன். முகம் முடிந்ததும் ஈயத்தில் ஒரு சாம்பிள் அழுத்திக் கொடுத்தேன். அதை அவர் ஷாமியானாவில் பெருமையாகக் காட்டியிருக்கிறார். கம்பெனி சூப்பர்வைசர்கள் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள்: ‘இது உங்க போராட்டமா, அவரு எலெக்‌ஷனா?’ நாலைந்து பேர் எழுந்து கையெழுத்துப் போடப் போய்விட்டார்கள். அதனால்தான் யசோதா ஓடி வந்தாள்.

“அந்த மூஞ்சியை அழிச்சிடுங்கண்ணா. நாளைக்கு கேட் மீட்டிங். மெடல் இல்லன்னா பாதிப் பேரு உள்ள போயிடுவாங்க.”

“டையில அழிக்கறதெல்லாம் கிடையாதும்மா. இது பள்ளம். இன்னும் பெருசா, ஆழமாத்தான் வெட்ட முடியும். இவரு மூஞ்சியை விடப் பெருசா ஏதாவது சொல்லு.”

யசோதா எழுந்து வந்து டையைக் குனிந்து பார்த்தாள்.

“கேட்டுல தொங்குதே, அந்தப் பூட்டு.”

“எழுத்து?”

“வேணாம்ண்ணா. தமிழ்ல போட்டா எங்க கன்னடத்துக்காரங்க கேப்பாங்க. கன்னடத்துல போட்டா தெலுங்குக்காரங்க கேப்பாங்க. பூட்டுன்னா எல்லாருக்கும் தெரியும்.”

முதலில் மூக்கைத்தான் எடுத்தேன். சொல்லக் கூடாது, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. பூட்டு வந்ததும் டையை ஹார்டனிங்குக்கு அனுப்பினேன். இனி உளி ஏறாது. மறுநாள் பித்தளையில் அடித்து நானே கொண்டுபோனேன்.

முனிரத்தினம் மெடலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“என் மூஞ்சி எங்கம்மா?”

யசோதா சளைக்கவில்லை.

“பூட்டுக்கு அடியிலதான் இருக்குதுண்ணா. அந்தப் பூட்டு உங்களுக்கும் சேத்துத்தான? நீங்களும் எங்களோட வெளியதான நிக்கறீங்க?”

அவர் முகம் சுண்டிப்போனது. பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு மைக்கைப் பிடித்தார். அன்றைக்கு அவர் நன்றாகவே பேசினார். கையெழுத்துப் போட்டவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்து மெடல் கேட்டார்கள். சில வாரம் கழித்து, கையெழுத்துக் கேட்காமலே பூட்டைத் திறந்தபோது எல்லோரும் அந்த மெடலோடுதான் உள்ளே போனார்கள். ஈயச் சாம்பிளை மட்டும் முனிரத்தினம் இன்றுவரை எனக்குத் திருப்பித் தரவில்லை.

இப்போது டை வெட்டும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஹார்டனிங்குக்கு அனுப்பும் முன் சாம்பிளை ஆர்டர் கொடுத்தவரிடம் மட்டும் காட்டாதீர்கள். அதைச் சட்டையில் குத்திக்கொள்ளப் போகிறவர்களிடமும் காட்டுங்கள்.