முன்பலகை

பாம்புச்செவி என்று பேர் வாங்குவது லேசான காரியமில்லை. அந்த மழைக்காட்டு விடுதிக்கு வருகிறவர்களைப் படகில் ஏற்றிப்போய் ஆற்றோரத்துப் பறவைகளையும் விலங்குகளையும் காட்டும் வழிகாட்டிக்கு அந்தப் பேரை வைத்தவர் பழைய சமையல்காரர். சமையலறையில் அவர் யாரைப் பற்றி முணுமுணுத்தாலும் படகுத்துறையிலிருந்து பதில் வந்துவிடுமாம். "மனுசக் காதா இது? பாம்புச்செவிப்பா!" என்று ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டார். பேர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பேர் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் உபயோகப்பட்டது.

விடுதி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மரக்கால்களின் மேல் சில அறைகள், தகரக் கூரை, எத்தனை நாள் கொடியில் கிடந்தாலும் காயாத துண்டுகள். கொசுவலையில் போட்டிருந்த ஒட்டுகளைப் பார்த்தால் கொசுவுக்கே மனசு இளகிவிடும். குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் சமையல்காரரிடம் நல்ல பேர் எடுக்க வேண்டும். ஆனாலும் ஜனங்கள் தேடித் தேடி வந்தார்கள். விடிந்ததும் படகில் போனால் நீர்நாய்கள் குடும்பத்தோடு மீன் தின்பதைப் பார்க்கலாம், அத்திமரத்தில் இருவாச்சிப் பறவை வந்து இறங்குவதைப் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு வெந்நீர் கிடைக்காதது ஒரு குறையாகவே தெரியாது.

படகுக்கு என்ஜின் கிடையாது, துடுப்புதான். முன்பலகையில் பாம்புச்செவி உட்காருவார், நடுவில் விருந்தினர்கள், பின்பலகையில் துடுப்போடு அவர் மனைவி. படகு கரையை விட்டு நகர்ந்துவிட்டால் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. அது அவர் போட்ட சட்டம். விடுதி முதலாளியே ஏறினாலும் அதே சட்டம்தான். எங்கேயாவது ஒரு சத்தம் காதில் விழுந்தால் அவருடைய வலது கையோ இடது கையோ மெல்ல எழும்பும். உடனே பின்பலகையிலிருந்து ஒரு தள்ளு. படகின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். திரும்பிய இடத்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும்.

அந்த அம்மாள் முதலில் விடுதிக்கு வந்தது துணி துவைக்கத்தான். பின்பலகையில் இருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நகரத்துக்குக் கிளம்பிவிட்டான். விருந்தினர்கள் துறையில் காத்து நிற்கிறார்கள். பாம்புச்செவிக்கு அப்போது மீசை சரியாகக் கறுத்திருக்கவில்லை. துவைகல் பக்கம் ஓடிவந்தார்.

"துடுப்புப் பிடிக்கத் தெரியுமா?"

"துணியவே இந்த அடி அடிக்கிறேன், தண்ணிய அடிக்கத் தெரியாதா?"

தெரியவில்லை. படகு செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு முட்புதருக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. முன்னால் இருந்தவர் முகமெல்லாம் கீறல். திட்டுவதற்காகத் திரும்பினார். ஆனால் அவர் போட்ட சட்டம் அவரையும் கட்டுமே, பேச முடியவில்லை. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உதட்டைக் கடித்தபடி இருந்தாள். அந்த நேரம் பார்த்து, அதே புதருக்கு அடியிலிருந்து ஒரு தாய் நீர்நாய் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. கையெட்டும் தூரம். குட்டிகள் விசிலடிக்கிற மாதிரி கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே அம்மாவின் முதுகில் ஏறின. அந்தச் சத்தத்தையும் அந்த அடக்கிய சிரிப்பையும் அவரால் பிறகு பிரித்து நினைக்க முடிந்ததேயில்லை. அடுத்த மழை ஓய்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது.

கரையில் அவர்கள் கீரியும் பாம்பும்தான். உப்பு, தலையணை, மகனுக்கு முடி வெட்டுவது என்று எதற்கெடுத்தாலும் சண்டை. படகில் ஏறினால் இரண்டு பேருக்கும் ஒரே உடம்பு. "நாம ஒத்துமையா இருக்கணும்னா பேசாம படகுலேயே குடித்தனம் பண்ணிடலாம்" என்பாள் அவள். அந்தக் காலத்தை இப்போது நினைத்தாலும் மனசு கனத்துப் போகிறது. மகன் பள்ளிக்கூடம் போவதும், இவர்கள் ஈரக் காலோடு வந்து சமையலறை வாசலில் நின்று டீ குடிப்பதும், பழைய சமையல்காரர் கரண்டியை நீட்டி "பாம்புச்செவி, இன்னைக்கு எத்தன பேருக்கு நாய் காட்டினே?" என்று வம்புக்கு இழுப்பதுமாக ஒரு வாழ்க்கை. அதற்கு மேல் என்ன வேண்டும் ஒரு மனுசனுக்கு?

மகன் வளர்ந்து நகரத்தில் வேலைக்குப் போனான். பழைய சமையல்காரர் போய்ச் சேர்ந்தார். பெரிய முதலாளி இருந்த இடத்துக்கு அவர் மகன் வந்தார். நல்ல பிள்ளை. வந்த புதிதிலேயே சொல்லிவிட்டார்: "உங்க காது இருக்கற வரைக்கும் முன்பலகை உங்களுதுதான் அண்ணே." சமையலறைக்குப் பின்னால் வழிகாட்டிக்கென்று ஒதுக்கிய அறையும் அதோடு சேர்த்திதான். அந்த அறை இல்லையென்றால் நகரத்தில் இருக்கும் மகன் வீடுதான். மாடிக்கு மேல் மாடி ஏறிப் போக வேண்டும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் குழாய்கள். ஒருதடவை போனவர், மறுநாளே முதுகு வலிக்கிறது என்று சாக்குச் சொல்லித் திரும்பிவிட்டார்.

காது இருக்கிற வரைக்கும் என்றுதானே பேச்சு? காது போய்க்கொண்டிருந்தது. விடுதியில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருத்தருக்குத்தான் தெரியாது. முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. முகத்துக்கு நேராகப் பேசினால் கேட்கும், இடி கேட்கும், தகரக் கூரையில் மழை கேட்கும். மெல்லிசான சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயிருந்தன. மீன்கொத்தியின் கத்தல் போயிற்று, நீர்நாயின் விசில் போயிற்று. புதிதாக வந்த சமையல்காரன் டீ ஆறிப்போகிறது என்று கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, "செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்று அவருக்கு முன்னாலேயே சொல்வான். அவர் தலையாட்டிச் சிரிப்பார்.

அப்படியானால் படகில் எப்படி? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். ஒரு மழைக்காலத்தில், மீன்கொத்தி பக்கத்திலேயே கத்தியும் அவர் கை எழும்பவில்லை. ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று நினைத்தாள் மனைவி. மறுநாளும் எழும்பவில்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. துடுப்பை லேசாக ஒரு தள்ளுத் தள்ளினாள். படகின் மூக்கு சத்தம் வந்த பக்கம் திரும்பியது, அவர் கண்ணும் திரும்பியது, பறவையைப் பார்த்தது, கை எழும்பியது. நடுவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்போதும்போலத்தான் தெரிந்தது. முன்பெல்லாம் கை எழும்பிய பிறகு படகு திரும்பும். இப்போது படகு திரும்பிய பிறகு கை எழும்பியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் ஏமாற்றவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பறவையைக் கண்ணால் கண்டதும், பல வருசமாகக் கேட்ட குரல் உள்ளேயிருந்து தானாக எழுந்து வந்தது. காதில்தான் விழுந்தது என்று சத்தியமாக நம்பினார். அவள் அதைக் கெடுக்கவில்லை. எதற்கெடுத்தாலும் அவரோடு மல்லுக்கு நின்றவள், இந்த ஒரு விஷயத்தில் வாயே திறக்கவில்லை.

ஒருநாள் படகுத்துறைப் பாசியில் கால் வழுக்கி அவள் கீழே விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. துடுப்பைத் தொடக்கூடாது என்று கட்டுப் போட்டுவிட்டார்கள். அந்த வாரம் தங்க வந்திருந்தவர்கள் ஒரு தாயும் மகளும். தாய்க்கு வயசாகிவிட்டது. நீர்நாயைப் பார்த்துவிட வேண்டும் என்று வெகுநாள் ஆசையாம்.

"நான் துடுப்புப் போடறேண்ணே" என்றார் முதலாளி.

"இன்னைக்கு ஒருநாள் விட்டுடுங்களேன். மழை வர்ற மாதிரி இருக்கு" என்று அவள் தடுத்துப் பார்த்தாள். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

"கை உனக்குத்தானே சுளுக்கு? என் காதுக்கு என்ன வந்தது?" என்று கேட்டுவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தார்.

படகு போயிற்று, வளைவுகள் வந்தன. அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றுமில்லை. துடுப்பு தண்ணீரில் விழும் மெத்தென்ற ஓசை மட்டும். நாணல் திட்டு வந்தது, எப்போதும் மீன்கொத்தி கத்துகிற இடம், அதுவும் ஊமையாகிக் கிடந்தது. பின்னால் முதலாளிக்கு இடது கரையிலிருந்து நீர்நாய்களின் விசில் நன்றாகவே கேட்டது. கை எழும்பும் எழும்பும் என்று முன்பலகையையே பார்த்தார். எழும்பவில்லை. கரையில் காது மந்தமானாலும் படகில் அண்ணன் காரணமில்லாமல் விடமாட்டார் என்று நினைத்துக்கொண்டார். பேசவும் கூடாதே! அந்தச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு, நீர்நாய்க் கூட்டத்தைக் கூப்பிடு தூரத்தில் விட்டுவிட்டுப் படகு நேராகப் போயிற்று.

கரைக்கு வந்ததும், "இன்னைக்கு ஆறு தூங்குதும்மா" என்றார் பாம்புச்செவி தாயிடம்.

மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்போ அந்த விசில் சத்தம் என்னங்கய்யா? இடது பக்கம் ரொம்ப நேரம் கேட்டுச்சே?"

"எந்த விசில்?"

முதலாளி குனிந்து, படகைக் கட்டியிருந்த கயிற்றையே அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"அது மூங்கில்ல காத்து" என்று சொல்லிவிட்டுப் பாம்புச்செவி விறுவிறுவென்று மேலே வந்தார். மனைவி கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையால் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு செத்துப்போச்சு" என்றார். குரல் உடைந்திருந்தது. "ஒரு சத்தமில்ல. நேத்து வரைக்கும் இருந்ததெல்லாம் எங்க போச்சு? எவன் என்ன பண்ணினான்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் முகம் தன்னையறியாமல் பக்கத்துக் கம்பத்தின் பக்கம் திரும்பியது. ஒரு சத்தம் வந்தால் யார் முகமும் திரும்புகிற மாதிரிதான். அவரும் பார்த்தார். கம்பத்தின் மேல் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அலகு திறந்து மூடித் திறந்து மூடி, தொண்டை துடிதுடிக்கக் கத்திக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் பிடித்துவிடலாம் போல அவ்வளவு பக்கம். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உள்ளேயிருந்து வழக்கமான குரல் எழுந்தது. ஆனால் அலகு ஒரு தாளத்தில் ஆடியது, குரல் வேறு தாளத்தில் வந்தது.

பறவை பறந்து போன பிறகும் அவர் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன நாளா?" என்று கேட்டார்.

"என்னது?"

"எத்தன நாளா நீ திருப்பிக்கிட்டு இருக்கே?"

அவள் எழுந்து முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "அத எதுக்கு இப்போ?" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அவருக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது. இரண்டுக்கும் அடியில், இத்தனை நாளும் தன்னை ஒருத்தி மானத்தோடு முன்னால் உட்கார வைத்திருந்தாள் என்பது நெஞ்சை அடைத்தது. அன்றைக்கு அவர்கள் சண்டை போடவில்லை. பகல் முழுக்க அவர் சாப்பிடவும் இல்லை. நகரத்துக்குப் போகிற பஸ் எப்போது என்று புதுச் சமையல்காரனிடம் ஒருதடவை விசாரித்தார் என்று சொல்வார்கள்.

மறுநாள் விடிந்ததும் முதலாளி துறைக்கு வந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் துடுப்பைத் தேடினார். துடுப்பு பாம்புச்செவியின் கையில் இருந்தது. அவர் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, காது இருக்கற வரைக்கும்னு சொன்னீங்க" என்றார். "காது இருக்கு. அது இவகிட்ட இருக்கு. நாங்க ரெண்டு பேரும் ஒரு ஆளுதான், ரொம்ப வருசமா. இனிமே அவ முன்னால உக்காரட்டும். கூடாதுன்னா சொல்லிடுங்க, நகரத்து பஸ்ஸுக்கே கிளம்பிடறோம்."

முதலாளி வயசான தாய்க்குக் கைகொடுத்துப் படகில் ஏற்றினார். பிறகு மகளுக்கு. அதற்குப் பிறகு, கட்டுப் போட்ட கையோடு கூசிக்கொண்டு நின்ற அவளுக்கும் கைகொடுத்து, "முன்பலகைல உக்காருங்க அக்கா" என்றார்.

படகு நகர்ந்தது. அவளுடைய முதுகை அவர் அதுவரை படகில் பார்த்ததேயில்லை. வளைவு தாண்டியதும் அவள் இடது கை எழும்பியது. அவர் துடுப்பைத் தள்ளினார். நாணலை விலக்கிக்கொண்டு ஒரு நீர்நாய்த் தலை வந்தது, பின்னால் இன்னொன்று, அப்புறம் குட்டிகள். வாயைத் திறந்து திறந்து கத்துகின்றன என்று பார்த்தாலே தெரிந்தது. வயசான தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். படகில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது, சட்டம் போட்டவரைத் தவிர.

"ஏய்" என்றார் அவர், ஊருக்கே கேட்கிற குரலில். "சத்தம் எப்படி இருக்கு?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். விருந்தினர்களைப் பார்த்தாள், நீர்நாய்களைப் பார்த்தாள். பிறகு அவருக்குக் கேட்க வேண்டுமே என்று, வாயைக் குவித்து அந்தக் குட்டிகளைப் போலவே கீச்சுக் கீச்சென்று உரக்கக் கத்தினாள்.

நீர்நாய்கள் ஒன்று விடாமல் முழுகிவிட்டன. தண்ணீரில் வட்டங்கள் மட்டும் விரிந்துகொண்டிருந்தன. "கேட்டுச்சா?" என்றாள் அவள். அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டது என்று தலையாட்டினார்.