பொட்டலம் கட்டும் கை

ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் தவசிமுத்து மளிகைக் கடையில் செல்வநாதன் பொட்டலம் கட்டும் அழகை நின்று பார்க்கலாம். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிப் பருப்பைக் கொட்டி, தலைக்கு மேல் தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்துச் சுற்றுவான். அதற்குள் அடுத்த ஆள் "அண்ணாச்சி!" என்பார். உடனே சுண்டுவிரலால் ஒரு வெட்டு, நூல் அறுந்துவிடும். கத்தரிக்கோல் எல்லாம் சோம்பேறிகளுக்கு.

மீசை முளைக்கும் முன்பே திசையன்விளையிலிருந்து வந்தவன். தவசிமுத்து தாய்மாமன். சோறு போட்டார், தொழில் பழக்கினார், மகள் தேவகிருபையையும் கட்டிக் கொடுத்தார். இதற்கு மேல் ஒருவன் என்ன கேட்பான்? எதையும் கேட்க வாய் வராது என்பதுதான் அவனுக்கு நெஞ்சை அடைத்தது. பகலெல்லாம் கடை, ராத்திரி கடை மாடி. ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்தினால் வேதக்கோயிலில் ஜெபம். ஓய்வுநாளில் மாமா ஊசியைக்கூடத் தொட விடமாட்டார்.

உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்துக் கழிவுச் சாமான்கள் துறைமுகம் பக்கம் மலிந்து கிடந்த காலம் அது. மூட்டை எடுக்கப் போனவன், ரசூல் பீவியின் பழைய சாமான் கடையில் ஒரு செப்புக் கம்பிக் கண்டைப் பார்த்தான். தலைமுடி கனம்தான் இருக்கும். மேலே எனாமல் பூச்சு.

"ரேடியோ உள்ள இத்தான் சுத்திக் கீது, நைனா" என்றாள் ரசூல் பீவி.

அன்று பிடித்தது பைத்தியம். கம்பி, இடுக்கி, ஈயம் பற்றவைக்கும் கோல், காதில் மாட்டும் கருவி என்று ஒவ்வொன்றாக அரிசி மூட்டைக்குப் பின்னால் சேர்ந்தன. மூங்கில் குழாயில் கம்பி சுற்றி அவன் செய்த பெட்டியில் ஒருநாள் நாதஸ்வரம் கேட்டது. தேவகிருபை அதைக் காதில் வைத்துக்கொண்டு அழுதே விட்டாள்.

வண்ணாரப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ராமதாஸ் விஷயத்தைக் கேள்விப்பட்டார்.

"என் கண்ணு முன்னால இந்தக் கம்பில ஒரு காயில் சுத்திக் காட்டு. நடுவுல அறுந்து ஒட்டுப் போட்டேன்னா வேலைக்காவாது. முழுசா சுத்திட்டா நாளைக்கே வேலைக்கு வா. மாடில ரூமு காலியாத்தான் கீது, பொஞ்சாதியையும் இட்டுகினு வந்துடு."

மாடியில் இருவரும் பழகினார்கள். தேவகிருபை கண்டைப் பிடித்துக்கொள்வாள், அவன் சுற்றுவான். ஒருமுறைகூட அறவில்லை. அவள் அவனை 'அத்தான்' என்றுதான் கூப்பிடுவாள். மாடியில் அண்ணாச்சி என்று கூப்பிட ஆள் இல்லை. அது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

"தைரியமா போயிட்டு வாங்க, அத்தான். அப்பாகிட்ட நான் சொல்லுதேன்" என்று டிரங்குப் பெட்டியை எடுத்துத் துணி அடுக்கத் தொடங்கினாள்.

பல்வலி, பிடுங்கிவிட்டு வருகிறேன் என்று மாமாவிடம் பொய் சொல்லிவிட்டுப் போனான். ராமதாஸ் கடை வாசலோரம் முக்காலியில் உட்கார்ந்து சுற்றினான். சுற்று மேல் சுற்று, மயிரிழை பிசகவில்லை. ராமதாஸே தன் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம்தான். இந்தத் தெருவிலேயே ஒரு மாடி, அவனும் தேவகிருபையும் மட்டும். அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

மாமாவின் மளிகைக் கடைக்கு வாடிக்கையாக வரும் மீன்காரி மங்கம்மா, கூடையோடு அந்த வழியாக வந்தாள்.

"இன்னா அண்ணாச்சி! இங்க குந்திகினு கீறே?"

சுண்டுவிரல் வெட்டியது.

கம்பியின் இரண்டு நுனிகளையும் அவன் பார்த்தபடியே இருந்தான். ராமதாஸ் கோபிக்கவில்லை.

"இது பொட்டலம் கட்ற கை, நைனா. நீ கடைக்கே போ."

திரும்பியபோது மாமா கல்லாவில் இருந்தார். மாடிப்படியில் தேவகிருபை நின்றாள். இன்னும் அவள் அப்பாவிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"பல்லு என்னாச்சுல?"

"பிடுங்கியாச்சு, மாமா."

தேவகிருபை அவன் முகத்தைப் பார்த்தாள். பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துவைக்க மேலே போனாள்.

"அண்ணாச்சி, அரைப்படி உளுந்து" என்றார் யாரோ. அவன் காகிதத்தைச் சுருட்டினான்.