பாட்டிலில் அடைத்த பனிமூட்டம்

போன வாரம் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது, ஏழெட்டு வளைவு தாண்டியதும் அந்த வாசனை வந்தது. பிரேக் சூடேறிக் கருகும் வாசனை. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நானோ, சொன்னால் சிரிப்பீர்கள், இழுத்து இழுத்து முகர்ந்தேன். எனக்கு அது ஒரு பத்திரிகையின் வாசனை.

கையெழுத்துப் பத்திரிகைதான். மாதம் ஒரே ஒரு பிரதி. நான் அப்போது அதே மலையில் நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். பத்திரிகைக்கு ஆசிரியர் ஸ்டெல்லா. பள்ளிக்கூட லேபில் வேலை. பிரதியைச் சாக்குத் துணியில் சுற்றிக் கண்டக்டர் மாணிக்கண்ணனிடம் கொடுத்துவிடுவோம். அவர் கரடியூரில் இறக்குவார், ஆட்கள் படித்து முடித்ததும் வாங்கி அடுத்த ஊருக்கு ஏற்றுவார். திரும்பி வரும்போது தாளெல்லாம் அந்த பிரேக் வாசனை அடிக்கும். கடைசி நாலு பக்கம் வெற்றுத்தாள். வாசகர்கள் அதில் தாராளமாகத் திட்டலாம்.

அறிவியல் கதைக்குப் பச்சை மை, மாயக்கதைக்குச் சிவப்பு மை. இது ஸ்டெல்லாவின் சட்டம். எனக்கோ பச்சை மை மேல் வெறி. பிளஸ் டூ பிசிக்ஸில் இரண்டு தடவை கோட்டைவிட்டவன் மானத்தை வேறெப்படி மீட்பது?

கதை இதுதான். ஒருவன் ஏற்காட்டுப் பனிமூட்டத்தைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டுபோய், சித்திரை வெயிலில் சேலம் கடைவீதியில் திறந்துவிடுகிறான். ஒரு மணி நேரம் யாருக்கும் யார் முகமும் தெரியவில்லை. தெருவே சமாதானமாகிவிடுகிறது. நடுவில் மூன்று பக்கத்துக்குக் காற்றழுத்தம், வெப்பநிலை என்று பாடப்புத்தகத்தைப் பெயர்த்து வைத்திருந்தேன்.

ஸ்டெல்லா படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். "ஏனுங்க, அழுத்தம்னு எழுதிட்டா அறிவியலுங்களா? தெனமும் டெஸ்ட் டியூப் கழுவறவகிட்டயேவா?"

"வாசகருங்க சொல்லட்டுங்க. மாயம்னு வந்துட்டா இனி நான் கதையே எழுதறதில்லீங்க!" வாய் முந்திக்கொண்டது. எனக்கு அப்போது இருந்த ஒரே சந்தோஷம் கதை எழுதுவதுதான்.

தீர்ப்பு வரட்டும் என்று அந்தக் கதையை மட்டும் பென்சிலில் எழுதினாள்.

பதினெட்டு நாள் கழித்துப் பிரதி திரும்பியது. பஸ்ஸிலேயே பிரித்துப் படித்தோம். வெற்றுத்தாளில் இடமே இல்லை. கரடியூர்க்காரர் ஒருவர்: "அறிவியலேதானுங்க. எங்கூட்டு ரேடியோ தட்டுனாத்தான் பாடுது, அதை மட்டும் மாயம்னா சொல்றோம்?" செம்மநத்தத்து அக்கா ஒருத்தர்: "நொம்ப நல்லா இருக்குதுங்க. எங்க மாமியாளுக்கு ஒரு பாட்டில் அனுப்புங்க." எண்ணிப் பார்த்தால் அறிவியலுக்கும் மாயத்துக்கும் சரிபாதி.

"நாஞ் சொல்றேங் கண்ணு" என்றார் மாணிக்கண்ணன், விசிலை வாயிலிருந்து எடுத்து. "பனிய அடைச்சது அறிவியல். அந்தப் பாட்டில் நம்ம ரோட்டுல, நம்ம பஸ்ஸுல, சேலம் வரைக்கும் ஒடையாமப் போச்சு பாரு, அது மாயம்!"

பஸ்ஸே சிரித்தது. சிரித்துச் சிரித்து ஸ்டெல்லாவுக்குக் கண்ணில் தண்ணீர். அவர் வாயிலும் மாயம் என்று வந்துவிட்டதே என்று நான் மட்டும் உம்மென்று இருந்தேன், கதை எழுதுவதை விட்டவன் என்ற தோரணையில்.

அது கடைசி இதழ் என்று அப்போது தெரியாது. அந்த மாதமே அவளுக்குக் கோயமுத்தூரில் வேலை கிடைத்தது. இப்போது அந்த பஸ் இல்லை, மாணிக்கண்ணன் இல்லை, திட்டுவதற்கென்று நாலு பக்கம் விட்டுவைக்கிற பத்திரிகையும் இல்லை. அவள் கிளம்பிய நாளில் பெட்டியை ஏற்றிக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றேன். பஸ் நகரும்போது எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"வீராப்பெல்லாம் போதுமுங்க. அடுத்த கதையில என்னையும் போடுங்க. மெஷினாவும் வேண்டாம், மோகினியாவும் வேண்டாம். ஸ்டெல்லாவாவே வர்றேன்."