விட்டுவிட்ட மூன்று புள்ளிகள்

அன்று நான் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியது சரியா? இரண்டு வருஷமாகியும் பதில் தெரியவில்லை.

அடையாறில், வெந்நீர் ஊற்றுகளை ஆராயும் அலுவலகத்தில் எனக்கு வரைபட வேலை. ஊற்றுக்கு அருகே ஆழ்துளை போட்டு, ஐந்து மீட்டருக்கு ஒரு முறை வெப்பம் எடுத்து அனுப்புவார்கள். அதை கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடாக்குவேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

விரிசல் இல்லாத பாறையில் வெப்பம் மெல்லத்தான் கடக்கும். ஆழம் கூடக் கூடக் கோடு சீராக ஏறும். விரிசல் இருந்தால், அடியிலிருந்து வரும் சுடுநீர் வெப்பத்தையும் சுமந்துகொண்டு வந்துவிடும். அந்த ஆழத்தில் கோடு சட்டென்று விலகும். அங்கே மட்டும் துளையைத் திறந்து விட்டு, மற்ற இடங்களில் துளைச் சுவரை மூடும் கேசிங் பைப் இறக்குவார்கள்.

அன்று காலை என் ஒன்றரை வயது மகளுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது. நம்பாமல் உதறி உதறி மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் அதேதான். மயிலாப்பூரில் பக்கத்து வீட்டு சரோஜா அக்காவிடம் அவளை விட்டுவிட்டு ஆபீஸ் போனேன்.

மதியம் வந்த அளவுகளில் மூன்று புள்ளிகள் கோட்டை விட்டு விலகியிருந்தன. "ஒரு புள்ளி தள்ளி நின்னா அது கருவிக் கோளாறு, விட்டுடும்மா" என்று மேலதிகாரி முன்பே சொல்லியிருந்தார். வீட்டு நினைப்பில் மூன்றையும் விட்டேன். கோட்டை வழவழவென்று இழுத்து, அவரிடம் கையெழுத்து வாங்கிக் கிளம்பிவிட்டேன். அந்த வரைபடம் மாலை ரயிலில் துளை போடும் இடத்துக்குப் போகவேண்டும்.

மயிலாப்பூர் லஸ் போகும் பஸ், அடையாற்றுப் பாலத்தை நெருங்கும்போதுதான் காலையில் உதறிய தெர்மாமீட்டர் நினைவுக்கு வந்தது. மூன்று முறை ஒன்றையே சொன்னதால்தானே காய்ச்சலை நம்பினேன்? அடுத்தடுத்த மூன்று புள்ளிகளை எப்படிக் கோளாறு என்று விட்டேன்?

"இன்னாம்மா, லஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கிக்கினு இங்க எறங்குற?" என்றார் கண்டக்டர்.

திரும்பிப் போய்ச் சொன்னேன். மேலதிகாரி தாளை வெகுநேரம் பார்த்தார்.

"விரிசல்தாம்மா. இங்க பைப்பை இறக்கியிருந்தா வெந்நீரை நாமே அடைச்சிருப்போம். கோடு அழகா இருக்கேன்னு நானும் கையெழுத்துப் போட்டுட்டேன் பாரு."

மறுபடி வரைய ஒரு மணி நேரம் ஆயிற்று. வீட்டுக்குப் போனபோது காய்ச்சல் நூற்று நான்கு. சரோஜா அக்கா ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார்.

"கொயந்த அம்மா அம்மான்னு கத்திக்கினு கீது. நீ பாறைக்குக் காய்ச்சல் பாத்துக்கினு இருந்தியா?"

காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது.

விலகி நிற்கும் புள்ளியை விடுமுன் அதன் மேலும் கீழும் உள்ளவற்றைப் பாருங்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் கோடு இழுக்காதீர்கள். வேலையில் நான் கற்றது இது. மற்றதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. குழந்தையை விட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் சொல்லுங்கள்: அந்தப் பாலத்தருகே நீங்கள் இறங்கியிருப்பீர்களா?